கரிசலில் ஒரு வெள்ளைப் பருந்து

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குப் பாண்டித்துரைத் தேவர் நினைவுக்கு வருவார். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய ஜமீன்தார். பறவைக் கிறுக்குப் பிடித்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பக்கம் போக வேறு காரணம் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அங்கிருந்து திருச்சுழி வரைக்கும் கிடக்கும் மானாவாரிக் காடுகளில் எங்காவது பூனைப்பருந்து தட்டுப்படும். கொடுப்பினை இருந்தால் ஆண் பறவையே தட்டுப்படும்.

பூனைப்பருந்தில் பல இனங்கள் உண்டு. சேற்றுப் பூனைப்பருந்தைக் கண்மாய்க் கரைகளில் எளிதாகப் பார்த்துவிடலாம். மான்டேகு, பேலிட் என்ற இரண்டும் வெட்டவெளிப் பறவைகள். ரஷ்யா, கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் தரையிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்கும்போது தெற்கே கிளம்பி வருகின்றன. பங்குனி வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். பேலிட் ஆணின் எடை 300 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். உலக அளவில் அருகிவரும் பறவைகளில் அதுவும் ஒன்று.

இங்கே அதிகம் கண்ணில் படுவது பழுப்பு நிறப் பெட்டைகளும் முதிராத பறவைகளும்தான். இரண்டு இனத்துப் பெட்டைகளையும் பறக்கும்போது பிரித்துச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆணிடம் அந்தத் தொல்லை குறைவு. பேலிட் ஆண், சாம்பல் கலந்த வெள்ளை. சிறகு நுனியில் மட்டும் மெல்லிய கறுப்பு ஆப்பு. மான்டேகு ஆணுக்குச் சிறகின் மேல்புறம் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கோடு உண்டா இல்லையா என்று பார்க்கத்தான் படமே வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் நம் ஆசைக்கு.

கரிசலில் அதைப் படம் எடுப்பது லேசான காரியம் இல்லை. உளுந்து எடுத்து முடிந்த நிலத்தின் மேல் ஆள் உயரத்துக்கும் தாழ்வாக, சிறகை வி போல மேலே தூக்கிப் பிடித்தபடி மெதுவாக வரும். முகம் ஆந்தை முகம்போலத் தட்டையாக இருக்கும். புல்லுக்குள் எலி அசையும் ஓசையைக்கூடப் பிடித்துவிடும். பின்னால் முழுக்கக் கருமண். கேமரா அந்தக் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ள, படத்தில் பறவை சுண்ணாம்படித்த மாதிரி வெளிறிப்போய் இறகு ஒன்றும் தெரியாது. முன்கூட்டியே ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தரையில் கானல் ஆடத் தொடங்கும். பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸ் இருந்தும் பயன் இல்லை.

எனக்கு அந்த ஆண் கிடைத்தது ஒரு காலை நேரத்தில். சீமைக்கருவேல நிழலில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஓடைக்கரை வழியாக நேராக வந்தது, என்னைக் கண்டதும் ஒரு கணம் தலையைத் திருப்பியது. மஞ்சள் கண் தெளிவாகத் தெரிந்தது. குறுக்குக் கோடு இல்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எதத் தம்பி படம் பிடிக்கீக?"

"பருந்துங்கய்யா."

"கோழிக்குஞ்சத் தூக்குறதா?"

"இல்லய்யா. இது வெட்டுக்கிளி, எலி, ஓணான், சின்னக் குருவின்னு திங்கிறது."

"வெட்டுக்கிளி திங்குதா? அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பகல் முழுக்க இப்படித் தனித்தனியாகத் திரியும் பறவைகள் பொழுது சாயும்போது ஒன்றுகூடும். மரத்தில் அடைவதில்லை. உயரமான புல்லுக்குள் ஒவ்வொன்றாக இறங்கி, புல்லை மிதித்து ஆளுக்கொரு படுக்கை போட்டுக்கொள்ளும். குஜராத்தில் வெளிமான்களுக்குப் பெயர்போன வேளாவதர் தேசியப் பூங்கா இப்படிக் கூடும் பூனைப்பருந்துகளுக்கும் பெயர்போனது. பறவை கிளம்பிப்போன பகல் நேரத்தில் அந்தப் படுக்கைகளில் பார்த்தால், செரிக்காமல் கக்கிய உருண்டைகள் கிடக்கும். ஒன்றை உடைத்தால் வெட்டுக்கிளிக் கால்கள், குருவி இறகு, எலி மயிர். எதைத் தின்றது என்று ஆய்வாளர்கள் கணக்கெடுப்பது இதை வைத்துத்தான்.

அந்தப் புல்தான் இப்போது குறைந்துகொண்டு வருகிறது. விதைக்காமல் விட்ட நிலத்தைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொள்கிறது. மிச்சத்தில் மனைக்கல் நடுகிறார்கள். பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் வந்தது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் மரம் இல்லாத நிலத்தையெல்லாம் வீண் நிலம் என்று எழுதிவிடுகிறோமே, அதுதான் உறுத்துகிறது. மரம் இல்லாததால்தான் இந்தப் பறவை இங்கே வருகிறது.

எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. எங்கே அடைகிறது என்று வாட்ஸப்பில் ஒருவர் போட்டால் போதும், மறுநாள் அந்தி நேரத்தில் நாலு வண்டி நிற்கும். ஒருவர் நல்ல கோணம் தேடிப் புல்லுக்குள் காலெடுத்து வைப்பார். படுத்ததெல்லாம் கிளம்பிவிடும். இருட்டில் அவை வேறு இடம் தேடி அலைய வேண்டும். நரியும் நாயும் திரிகிற காடு அது.

தை மாதம் அந்தப் பக்கம் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிடம் காட்டைப் பாருங்கள். கண்ணில் பட்டால் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை ஊருக்கெல்லாம் காட்டுங்கள், அடையும் இடத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.