கடலுக்குப் போக லீவ் லெட்டர்

லீவ் லெட்டரில் எழுதுகிற காரணத்தை வைத்தே ஒருவரின் சர்வீஸைச் சொல்லிவிடலாம். வயிற்றுவலி என்றால் புதுசு. மச்சினிச்சி கல்யாணம் என்றால் மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். வெறுமனே 'சொந்த வேலை' என்று எழுதிவிட்டுப் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் கிளம்புகிறாரா? சீனியர். அநேகமாக யூனியனில் இருப்பார்.

'அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்ட வேண்டியிருப்பதால்...' என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? 1965-ல் அமெரிக்காவில் ஒரு ஆபீஸ்காரர் கிட்டத்தட்ட அப்படித்தான் லீவ் வாங்கினார். 'கிட்டத்தட்ட' ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

பெயர் ராபர்ட் மேன்ரி. க்ளீவ்லாண்ட் நகரத்தில் 'ப்ளெயின் டீலர்' என்கிற தினசரியில் காப்பி எடிட்டர். அதாவது, நிருபர்கள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து எழுதித் தள்ளுவதற்குக் கமா போட்டு, ஸ்பெல்லிங் திருத்தி, தலைப்பு வைக்கிற உத்தியோகம். அடுத்தவன் சாகசத்துக்குத் தலைப்பு வைத்தே காலத்தை ஓட்டுவது. மனைவி வர்ஜீனியா, ஒரு பெண், ஒரு பையன். வயது 47-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

இவரை எனக்கு எப்படித் தெரியும் என்றால், திருவல்லிக்கேணி பைக்ராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில், பழைய இன்கம்டாக்ஸ் கைடு ஒன்றுக்கு அடியில் படுத்திருந்தார். 1966-ல் அவர் எழுதிய 'டிங்கர்பெல்' புத்தகம். நான் பி.காம்., ஒன்பது வருஷம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவன். நீச்சல் தெரியாது. மெரினாவில் முழங்கால் வரை அலை வந்தாலே பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குகிற ரகம். அன்றைக்கு நான் தேடிப் போனதே இன்கம்டாக்ஸ் கைடுதான்.

டிங்கர்பெல் என்பது படகின் பெயர். 'பீட்டர் பான்' கதையில் வரும் குட்டி தேவதையை ஞாபகப்படுத்தும் பெயர். நீளம் பதிமூன்றரை அடி. உங்கள் ஹாலை அளந்து பாருங்கள், அநேகமாக அதைவிடப் பெரிதாக இருக்கும். 1958-ல் அதை 160 டாலருக்கு வாங்கினார். அன்றைய மதிப்பில் சுமார் 760 ரூபாய். மேலே கூரை எதுவும் இல்லாத, முப்பது வருஷப் பழைய பாய்மரப் படகு. அங்கங்கே விரிசல் வேறு. ஏரியில் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை சுற்றுவதற்கானது. அவரே தட்டிக் கொட்டிச் சரி செய்து, முன்பக்கம் படுத்துக்கொள்ள ஒரு சின்னத் தடுப்பு கட்டி, சிவப்புப் பாய் மாட்டினார்.

இந்தக் கிறுக்கு அவருக்கு எங்கே பிடித்தது தெரியுமா? நம் நாட்டில்தான். மேன்ரி பிறந்தது 1918-ல், முசௌரிக்குப் பக்கத்து லேண்டோரில். அப்பா இங்கே மிஷனரி. மலை மேல் இருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு ஜெர்மன்காரர் வந்து தன் படகுப் பயணத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். கடலே கண்ணில் படாத இமயமலையில் உட்கார்ந்து ஒரு பையன் கடல் கனவு கண்டான். அந்தக் கனவு முப்பது வருஷத்துக்கு மேல் ஊறியது.

பிறகு ஒரு நண்பர், "என்னிடம் 25 அடிப் படகு இருக்கிறது. அட்லாண்டிக்கைத் தாண்டலாம், வர்றியா?" என்றார். மேன்ரி உடனே ஆபீஸில் லீவ் கேட்டு வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு நண்பர் பின்வாங்கினார். (நண்பர்கள் எல்லா தேசத்திலும் ஒன்றுதான்.) நாமாக இருந்தால் லீவைக் கேன்சல் செய்து, அடுத்த வருஷத்துக்குக் கேரி ஓவர் ஆகுமா என்று விசாரித்திருப்போம். அவர், 'சரி, நம்ம படகிலேயே தனியாகப் போய்விடுவோம்' என்று முடிவு கட்டினார். மனைவியிடம் சொன்னார். ஆபீஸில் சொல்லவில்லை. கிளம்பும்போதுதான் ஒரு கடிதம் போட்டார். பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. எங்கள் பி.காம். பாஷையில் இதற்கு 'எரர் ஆஃப் ஒமிஷன்' என்று பெயர்.

இதுவரை படித்தால் துணிச்சல்காரர், கொஞ்சம் மறை கழன்றவர் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கிளம்புவதற்கு முன் அவர் செய்த ஏற்பாடுகளைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆள் சரியான அக்கவுண்டன்ட்!

படகில் தண்ணீர் புகுந்தால்? உள்ளே இண்டு இடுக்கிலெல்லாம் மிதக்கும் ஃபோம் திணித்தார், முழுக்க நிரம்பினாலும் முழுகாது. கவிழ்ந்தால்? அடியில் கனமான கீல் மாட்டி, வேண்டுமென்றே படகைச் சாய்த்து, தானாக நிமிர்கிறதா என்று சோதித்துப் பார்த்தார். தான் தூக்கி எறியப்பட்டால்? உடம்பையும் படகையும் சேர்த்து ஒரு கயிறு. வழி தெரியாமல் போனால்? சூரியனையும் நட்சத்திரத்தையும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கைத் தானே படித்துக்கொண்டார். 'என்ன ஆகும்?' என்று இடது பக்கம், 'ஆனால் என்ன செய்வேன்?' என்று வலது பக்கம். டபுள் என்ட்ரி! இடது பக்கம் ஒரு வரிகூட வலது பக்கம் பதில் இல்லாமல் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் கடல்.

1965 ஜூன் 1. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால்மத் என்கிற ஊரிலிருந்து புறப்பட்டார். போய்ச் சேர வேண்டியது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் இன்னொரு ஃபால்மத். சுமார் 3200 மைல், 78 நாள். கால்குலேட்டரைத் தட்டினேன். சராசரி மணிக்கு ஒன்றே முக்கால் மைல்கூட வரவில்லை. நம் பார்க் வாக்கிங் மாமாக்கள் இதைவிட வேகமாகப் போவார்கள்.

நடுக்கடலில் அலை தூக்கி வீசியது. ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு முறையும் அந்தக் கயிறுதான் திரும்ப இழுத்துக் கொடுத்தது. சுக்கான் உடைந்தது. ஆடுகிற படகிலேயே உட்கார்ந்து சரி செய்தார். கப்பல்கள் போகும் பாதையில் தூங்க பயந்து, மாத்திரை போட்டு விழித்திருந்ததில், இல்லாத ஆட்களெல்லாம் படகில் தெரிய ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பக்கத்தில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்தது. இது நிஜம்!

கரையில் இதற்குள் விஷயம் பரவிவிட்டது. அவருடைய பத்திரிகையும் அவரைத் தேடிக் கிளம்பியது. ஆனால் கடலில் முதலில் பிடித்துப் பேட்டி எடுத்தது அதே ஊரின் போட்டி டி.வி. நிலையத்துக்காரர்! சொந்த ஸ்டாஃபின் செய்தியைக் கோட்டை விட்ட ஆபீஸை நினைத்து நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 17. யாரும் கவனிக்காமல் ஓரமாகக் கரையேறலாம் என்று வந்த மனுஷனை, சுமார் ஐம்பதாயிரம் பேரும் நூற்றுக்கணக்கான படகுகளும் வரவேற்றன. அதுவரை அட்லாண்டிக்கை நிற்காமல் தாண்டிய படகுகளிலேயே சிறியது டிங்கர்பெல் என்றார்கள். 1968-லேயே ஹ்யூகோ விஹ்லென் என்பவர் ஆறடிக்கும் குறைவான படகில் தாண்டி அந்த ரிக்கார்டை உடைத்துவிட்டார். ரிக்கார்டுகளின் ஆயுள் அவ்வளவுதான்.

என்னை உலுக்கியது ரிக்கார்டு இல்லை. பிற்பாடு நடந்தது. மேன்ரி வேலையை விட்டார். புத்தகம் எழுதினார். கொஞ்சம் பெரிய படகு வாங்கிக் குடும்பத்தோடு ஒரு வருஷம் அமெரிக்காவின் ஆறுகளிலும் கரையோரங்களிலும் சுற்றினார். 1969-ல் வர்ஜீனியா கார் விபத்தில் இறந்தார். 1971-ல் மாரடைப்பில் இவரும் போய்விட்டார். வயது 52.

ஐம்பத்திரண்டு! 'எல்லாம் ரிட்டயர் ஆன பிறகு பார்த்துக்கலாம்' என்று சொல்லியிருந்தால் அந்தப் 'பிறகு' வந்தே இருக்காது.

எங்கள் செக்ஷனில் ஒரு சூப்பரின்டெண்டன்ட் இருந்தார். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தமான் தீவின் படம் ஒன்று நான் சேர்ந்த நாளிலிருந்து இருந்தது. "ரிட்டயர் ஆனதும் கப்பல்ல போறேம்ப்பா" என்பார். ரிட்டயர் ஆனார். முழங்கால் தேய்ந்துவிட்டது. படம் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

நான் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டில் மெதுவாக ஆரம்பித்தேன். "வேலையை விட்டுட்டு முழு நேரமா எழுதலாம்னு பாக்கறேன்."

மனைவி பதறவில்லை. காய்கறி நறுக்குவதை நிறுத்தவும் இல்லை. "அந்த ஆளு படகுல முழுகாம இருக்க ஃபோம் வெச்சாருன்னு சொன்னீங்களே... நம்ம வீட்டு ஃபோம் எங்கங்க?"

நியாயமான கேள்வி. அன்று ராத்திரியே பேப்பரில் நடுவே கோடு போட்டேன். இடது பக்கம் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், அம்மாவின் பி.பி. மாத்திரை. வலது பக்கம் காலி. அதை நிரப்ப இரண்டு வருஷம் ஆனது. ஒன்றரை வருஷச் செலவை பாங்க்கில் டெபாசிட் போட்டு, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுத்து, இரண்டு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுத் தரும் வேலையைப் பிடித்த பிறகே ராஜினாமா. அந்த ரிட்டர்ன்தான் என் இடுப்புக் கயிறு. மாசம் 20-ந் தேதி நெருங்கினால் நான் எழுத்தாளன் இல்லை.

நாலாவது வருஷம் நடக்கிறது. சில மாதம் நல்ல காற்று. சில மாதம் பாய் தொங்குகிறது, செக் வருவதில்லை. டெபாசிட்டில் ஒரு முறை கை வைத்தாயிற்று. முழுகவில்லை.

மேன்ரி கதையைப் போன மாதம் அந்த சூப்பரின்டெண்டன்டிடம் சொன்னேன். "ஐம்பத்திரண்டா?" என்று மட்டும் கேட்டார். ஒரு வாரம் கழித்து போன் செய்தார்.

"ஏம்ப்பா, அந்தமான் கப்பலுக்கு டிக்கெட் எங்க குடுக்கிறான்?"

"முழங்கால் வலி இருக்கே சார்?"

"அது வீட்ல உக்காந்திருந்தாலும்தானப்பா வலிக்குது!"