ஒரு குப்பைப் பை கற்பித்த பாடம்

குப்பைத் தொட்டிக்குள் இடும் பையைத் தேர்ந்தெடுக்கவும் ஆராய்ச்சி வேண்டுமோ என்று நகைத்தவர்களுள் நானும் ஒருத்தி. சென்ற ஆண்டு நம் பள்ளியின் போட்டி விளையாட்டு நாள் அந்த நகைப்பைப் போக்கிற்று.

அன்று திடலில் வைத்த தொட்டிகளுக்குப் பை வாங்கும் பொறுப்பு என்னுடையது. சில வெள்ளி மிச்சமாகுமே என்று மலிவான மெல்லிய பைகளை வாங்கினேன். அவை தொட்டியின் விளிம்பில் நில்லாமல் உள்ளே சரிந்தன. நண்பகலுக்குள் பாதிக் குப்பை பைக்கு வெளியே விழுந்து கிடந்தது. துப்புரவு செய்யும் அம்மையார் ஒரு பையைத் தூக்கியபோது அதன் அடிப்புறம் பிளந்து, குழம்பும் குளிர்பானமும் அவர் உடையில் வழிந்தன. சிதறியதைக் கையால் அள்ளினார். சாத்தே குச்சியொன்று உள்ளங்கையில் தைத்தது. பதறி ஓடினேன்.

"பரவாயில்லை டீச்சர், எங்களுக்கு இது பழகிப் போனதுதான்" என்றார்.

அச்சொல் குச்சியினும் கூர்மையாக என் நெஞ்சில் தைத்தது.

மறுவாரம் ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அத்தொட்டியை அளந்தேன். விட்டம் 42 செ.மீ.; எனவே சுற்றளவு 132 செ.மீ. பையைத் தட்டையாக விரித்தால், சுற்றளவில் பாதியாகிய 66 செ.மீ. அகலமாவது இருத்தல் வேண்டும். நான் வாங்கியதோ 55 செ.மீ.! தொட்டியின் உயரம் 70, அடிப்பாகத்திற்கு 21, விளிம்பில் மடிக்க 15. ஆக நீளம் 106 செ.மீ. தேவை.

பையின் தன்மையையும் ஆராய்ந்தோம். சரசரவென ஒலிக்கும் மெல்லிய பை காகிதக் குப்பைக்குப் போதும். கூரிய பொருள் குத்தினால் கிழிசல் நீண்டுவிடும். இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும் தடித்த பையே ஈரமான உணவுக் கழிவுக்கு ஏற்றது. எல்லாத் தொட்டிக்கும் தடித்த பையே இடுவதும் வீண், அதுவும் பிளாஸ்டிக்கன்றோ?

இவ்வாண்டு, உணவுக் கடைகளின் அருகே 70 செ.மீ. அகலமும் 110 செ.மீ. நீளமும் உள்ள தடித்த பைகளை இட்டோம். சாத்தே குச்சிகளுக்குத் தனியே ஒரு தகர டின் வைத்தோம். முக்கால் பங்கு நிறைந்ததுமே மாணவர்கள் பையின் வாயைக் கட்டினர். மாலையில் அந்த அம்மையார் உடை நனையாமல், கை நோகாமல் வேலையை முடித்துச் சிரித்த முகத்துடன் வீடு திரும்பினார்.

மாணவச் செல்வங்களே! நாம் எறிவதை எடுப்பது இன்னொருவர் கை. அந்தக் கையை நினைந்து பையைத் தேர்ந்தெடுப்போமாக!