பதநீர், கூத்து, மல்லாட்டை வண்டி

ஒயின் டேஸ்டிங், மேடை மியூசிக்கல், ஃபுட் டிரக். இந்த மூன்றும் சேர்ந்தால் அது நாகரிகமான சனிக்கிழமை மாலை என்று வார இதழ்களின் பளபளப்பான பக்கங்கள் சொல்கின்றன. பெங்களூருவில் இருப்பவர்களுக்கு அது சுலபம். திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் இருக்கும் செஞ்சியில்? ஒயின் ஷாப் உண்டு. (டாஸ்மாக்கை மக்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே போய் ஒயின் கேட்டு நிற்பவரைப் பார்ப்பது அபூர்வம்!) மற்ற இரண்டும் கிடையாது. கிடையாது என்றுதான் செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகளே வெளியூர்க் கல்லூரியில் சொல்லிக்கொள்கிறார்கள்.

பங்குனி, சித்திரை மாதங்களில் செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு ராத்திரி கண் விழித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மூன்றுமே இங்கே இருக்கிறது. பெயர்தான் வேறு.

முதலில் ஒயின். டேஸ்டிங் என்பது குடிப்பது அல்ல. கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்ப்பார்கள், சுழற்றுவார்கள், மூக்கை உள்ளே விட்டு முகர்வார்கள், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டிவிட்டு, பல சமயம் துப்பியும் விடுவார்கள். பிறகு செர்ரி வாசனை, ஈர மண் வாசனை, பழைய தோல் வாசனை என்று சொல்லுவார்கள். கிண்டல் செய்ய நல்ல விஷயம்தான். ஆனால் அதிலும் விஷயம் இருக்கிறது. 1976ல் பாரிஸில் புட்டியின் பெயரை மறைத்து ஒரு சுவைப் போட்டி நடந்தது. பிரெஞ்சு நடுவர்களே மார்க் போட்டதில் சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிபோர்னியா ஒயின்கள் முதலிடம் பிடித்துவிட்டன. 2001ல் வெளியான இன்னொரு ஆய்வு இதைவிட வேடிக்கை. போர்தோவில் ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்களும் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வர்ணனைகளையே எழுதிக்கொடுத்தார்கள். கண் சொன்னதை மூக்கு அப்படியே நம்பிவிட்டது.

செஞ்சிப் பக்கம் அந்த இடத்தில் இருப்பது பதநீர். தை கடைசியில் ஆரம்பித்து ஆனி வரை சீசன். பனையின் பாளையைச் சீவிச் சீவி, நுனியில் கலயத்தைக் கட்டி வைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர், தடவாவிட்டால் கள். மரம் ஒன்று, சாறு ஒன்று, நடுவில் இருப்பது விரல் நுனிச் சுண்ணாம்பு! சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றும். சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டை வேலை செய்ய விடாது, அவ்வளவுதான் விஞ்ஞானம்.

பனை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில், ஒரு நுங்கைச் சீவிப் போட்டு, விடியற்காலையில் வாங்கிக் குடிக்க வேண்டும். முதலில் வருவது இனிப்பு அல்ல, பச்சை ஓலையின் வாசனை. அப்புறம் இனிப்பு. அது சர்க்கரைத் தண்ணீர் போல நாக்கில் நின்றுவிடாமல் தொண்டைக்குள் இறங்கிவிடும். கடைசியில் லேசாக ஒரு சுண்ணாம்புக் காரல். சுண்ணாம்பு தூக்கலாக இருந்தால் நாக்கை அறுக்கும், குறைந்திருந்தால் பத்து மணிக்கே புளிப்பு தட்டும். ஊரில் பழகிய பெரியவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு "சுண்ணாம்பு கூடிப்போச்சு", "இது நேத்து சாயங்காலம் எறக்குனது" என்று சொல்லிவிடுவார்கள். கோப்பையைச் சுழற்றவும் மாட்டார்கள், துப்பவும் மாட்டார்கள். ஆனால் அவர்கள் செய்வதும் டேஸ்டிங்தான். பிரான்சில் அதற்குச் சான்றிதழ் தருகிறார்கள், இங்கே அதை வெட்டிப்பேச்சு என்கிறார்கள்.

இதே சாற்றைச் சுண்ணாம்பு இல்லாமல் இறக்கினால் போலீஸ் வரும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 1983ல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003ல் சில்லறைக் கடைகளையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆக, பிராந்தி விற்பது அரசு, கள் இறக்கினால் குற்றம். செஞ்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புதுச்சேரியில் கள்ளுக்கடைக்கு அரசே ஏலம் விடுகிறது. கேரளத்தில் கள்ளுக்கடை சாப்பாட்டுக்கென்றே கார் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நடுவில் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்துப் பனையேறிக்கு மட்டும் மரத்தின் மேலும் பயம், கீழே இறங்கினாலும் பயம்.

கள் உடம்புக்கு நல்லது என்று கொடி பிடிக்க வேண்டியதில்லை, அதுவும் போதைதான். ஆனால் மலிவான போதை தேடிப் போகிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2023 மே மாதம் இதே மாவட்டத்தில் மரக்காணம் பக்கம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் போனார்கள். அதற்கும் பனைமரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பனை இத்தனைக்கும் மாநில மரம். அதில் ஏற அடுத்த தலைமுறைக்கு ஆள் இல்லை. தொழிலைக் கற்றுக்கொள்ளச் சில வருடம் ஆகும், மறக்க ஒரு தலைமுறை போதும்.

சரி, மியூசிக்கலுக்கு வரலாம்.

செஞ்சி என்றால் எல்லோருக்கும் கோட்டை, தேசிங்கு ராஜா. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய கோட்டை. 1677ல் சிவாஜி பிடித்தது, 1714ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதித் தேசிங்கு செத்தது, இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்வார்கள். கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில் அவ்வளவு பேருக்குத் தெரியாது. அமெரிக்காவிலிருந்து வந்து திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று வைத்தார். வடதமிழ்நாட்டில் பல ஊர்க்காரர்களுக்கு, திரௌபதி கோயில்களுக்கெல்லாம் மூலக்கோயில் இதுதான். மகாபாரதத்தின் தலைநகர் அஸ்தினாபுரம் அல்ல, செஞ்சி! அம்மனுக்குக் காவலாக நிற்பவர்களில் போத்துராஜா ஒருவர், முத்தால ராவுத்தன் இன்னொருவர். ராவுத்தர் முஸ்லிம். தேசிங்குக்காக உயிர் விட்ட நண்பன் மகமத்கானும் முஸ்லிம்தான். இந்த மண்ணின் கதைகளில் அப்படி ஒரு ஆள் கூடவே வந்துவிடுகிறார்.

திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊரில் பகலில் பாரதம் படிப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து. மத்தளமும் தாளமும் ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து களரி கட்டும்போதே தூக்கம் போய்விடும். கட்டியங்காரன் வந்து ஊர்ப் பிரெசிடென்ட் வரைக்கும் எல்லோரையும் ஒரு வாங்கு வாங்குவான். அப்புறம் இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று ராஜா பாடுவார். முதலில் தெரிவது சலங்கைக் கால், பிறகு கிரீடத்தின் நுனி. உடனே காட்டிவிட மாட்டார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. இலேசான மரம், ராத்திரி முழுக்கச் சுமந்து கிறுகிறுவென்று சுற்றி ஆட வேண்டுமே!

லண்டனிலும் நியூயார்க்கிலும் மியூசிக்கல் என்றால் பாட்டு, ஆட்டம், வசனம் மூன்றும் சேர்ந்து கதை சொல்வது. இதுவும் அதுதான். ஒரு வித்தியாசம், அங்கே பார்ப்பவர்கள் இருட்டில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். இங்கே பகடை துகில் அன்று துச்சாதனன் திரௌபதியின் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் காட்டி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பான். அப்படியும் கூட்டத்தில் யாருக்காவது சாமி வந்துவிடும். அர்ச்சுனன் தபசு அன்று, நட்டு வைத்த உயரமான மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார் அர்ச்சுனன் வேடக்காரர். குழந்தை வரம் கேட்டு ஈரச்சேலையோடு கீழே காத்திருக்கும் பெண்களுக்கு மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழும். கடைசி நாள் படுகளத்தில் தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன். அதன் தொடையிலிருந்து எடுக்கும் சிவப்பு நீரைத் தடவித் திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் ஊரே தீ மிதிக்கும். எங்கே நாடகம் முடிகிறது, எங்கே சாமி ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாது.

குறையும் உண்டு. தலைக்கு மேல் தொங்கும் மைக்கில் பின்பாட்டு இரைச்சலாகி வார்த்தையே புரியாத ராத்திரிகள் உண்டு. கட்டியங்காரனின் சில ஜோக்குகளைக் கேட்டுப் பெண்கள் பக்கம் முகம் சுளிப்பதும் உண்டு. இரண்டு மணிக்கு மேல் பாதிக் கூட்டம் பாயில் படுத்துவிடும். இளவட்டங்கள் கையில் செல்போன் வெளிச்சம். பெண் வேடமும் நெடுங்காலமாக ஆண்களே கட்டியது. காஞ்சிபுரம் பக்கம் நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கற்றுக்கொண்டு ஆடியது நல்ல மாற்றம்.

காசு விஷயத்தைக் காமர்ஸ் கண்ணோடு பார்த்தால் கூத்து ஒரு விசித்திரமான வியாபாரம். டிக்கெட் கிடையாது. ஊரில் தலைக்கட்டு வரி வசூலித்து, வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவை அழைக்கிறார்கள். நியூயார்க்கில் 1988 முதல் ஓடிய தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா, 13,981 காட்சிகளுக்குப் பிறகு 2023 ஏப்ரலில் நின்றுபோனது. வசூல் செலவைத் தாங்கவில்லை. கூத்து அந்த மாதிரி நிற்காது, ஊரும் அம்மனும் இருக்கும் வரை அழைப்பு வரும். ஆனால் கலைஞருக்குச் சீசன் நான்கைந்து மாதம்தான். மீதி மாதங்களில் கூலி வேலை, கொல்லத்து வேலை. 2020, 2021 இரண்டு சீசனும் கொரோனாவில் போனபோது, பாஞ்சாலியும் பீமனும் ரேஷன் கடை வரிசையில் நின்றார்கள். நஷ்டம் வந்தால் கம்பெனி மூடும். கலைஞன் மூட முடியாது, வேறு வேலைக்குப் போய்விடுவான். அவன் பிள்ளை திரும்பி வரமாட்டான்.

மூன்றாவது ஃபுட் டிரக். 2008ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கோகி என்ற வண்டி கொரியன் இறைச்சியை மெக்சிகன் டாக்கோவில் வைத்து விற்று, இன்று எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று ட்விட்டரில் சொன்னபோது உலகமே ஆச்சரியப்பட்டதாம். செஞ்சிப் பக்கத்துத் தள்ளுவண்டிக்காரருக்கு ட்விட்டர் வேண்டியதில்லை. எந்த ஊரில் காப்பு கட்டியாயிற்று, எத்தனை நாள் கூத்து, எந்த ராத்திரி கூட்டம் சேரும் என்று மனப்பாடமாகத் தெரியும். அபிமன்னன் சண்டைக்குக் கூட்டம் அதிகம், கர்ண மோட்சத்துக்கு இன்னும் அதிகம், சரக்கும் அதற்குத் தகுந்த மாதிரி ஏறும்.

வண்டியில் முதல் இடம் வேகவைத்த மல்லாட்டைக்கு. (மற்ற ஊர்க்காரர்களுக்கு: நிலக்கடலை. மணிலாக் கொட்டை தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆனது.) உப்புப் போட்டு வேகவைத்ததைப் பேப்பரில் சுருட்டித் தருவார்கள். தோலை உடைத்தால் உள்ளே இருக்கும் உப்புத்தண்ணீர் விரலில் வழியும். அதை விடாமல் உறிஞ்சுவதுதான் முறை. பக்கத்து வண்டியில் மிளகாய் பஜ்ஜி, அதற்கடுத்து சுக்குக் காபி. கேஸ் விளக்கு இருந்த இடத்தில் இப்போது பேட்டரி பல்பு. ஒரு சங்கடம், கூத்து சூடுபிடித்தால் வியாபாரம் படுத்துவிடும். துரியோதனன் கத்திக்கொண்டிருக்கும்போது யார் எழுந்து பஜ்ஜி வாங்குவார்கள்? சில வண்டிக்காரர்கள் அந்த நேரம் அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியும் கையுமாக நின்று பார்ப்பார்கள். வருஷத்துக்கு இருபது முறை பார்த்த கதை!

2025 ஜூலையில் மராட்டியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பது செஞ்சி மட்டும். ஊருக்குப் பெருமைதான், சந்தேகமில்லை. கேரளத்தின் கூடியாட்டமும் முடியேற்றும் யுனெஸ்கோவின் கலைப் பட்டியலில் எப்போதோ ஏறிவிட்டன. செஞ்சியில் கல் ஏறிவிட்டது, கூத்து ஏறவில்லை. கோட்டை பார்க்க வருகிறவர்கள் ராஜகிரி ஏறி இறங்கி, போட்டோ எடுத்து, வெயில் சாய்வதற்குள் திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். கூத்து ஆரம்பிக்க அதற்கப்புறமும் நான்கைந்து மணி நேரம் இருக்கிறது.

தங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சித்திரையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீக்கடையில் "இன்னிக்கு எந்த ஊர்ல கூத்துங்கண்ணா?" என்று கேட்டால் போதும், எந்த டவுன் பஸ் என்பது வரை சொல்வார்கள். பாய் ஒன்று எடுத்துப் போவது நல்லது. மைக் குழாயிலிருந்து தள்ளி, பாட்டிகள் உட்காரும் பக்கமாக இடம் பிடித்தால் கதைக்கு விளக்கமும் சேர்ந்து கிடைக்கும். விடிந்ததும் உடனே கிளம்பிவிடக் கூடாது. சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு பதநீர்க்காரர் வருவார். எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்.