மாமியின் வலது கால்

நாலாவது கீமோ முடிந்து பத்து நாளில் மாமிக்குக் காய்ச்சல் தொடங்கியது. "கீமோவுக்குப் பிறகு இப்பிடி வாறதுதானே, ரெண்டு பனடோல் போடுங்கோ மாமி" என்று சொன்னது நான்தான். மூன்று நாள் பனடோலோடேயே கழிந்தது. வெள்ளையணு குறைந்திருக்கிற ஆளுக்குக் காய்ச்சல் என்றால் அந்த மணித்தியாலமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வார்டில் அன்ரிபயோட்டிக்கை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். இரத்தக் கல்ச்சர் ரெண்டு தரம் எடுத்தும் ஒன்றும் வளரவில்லை. மூன்றாம் கிழமை ஒரு விடியப்புறம், "தம்பி, கால் விறைக்குது" என்றா. தொட்டுப் பார்த்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்ந்து வெளிறிக் கிடந்தது.

இரத்தக்குழாயை அடைத்திருந்த கட்டியை அன்றைக்கே வெட்டி எடுத்தார்கள். அதை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோதுதான் விடை வந்தது: கன்டிடா, ஒரு பங்கசு. எக்கோவில் பார்த்தால், இருதயத்தின் மைட்ரல் வால்வில் அது பெரிதாக ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுகிறது. அதில் உடைந்த துண்டுதான் காலுக்கு வந்திருக்கிறது.

"பங்கசோ? பாணில பிடிக்கிறதோ?" என்று மாமா கேட்டார். டொக்டர் சிரிக்கவில்லை. கன்டிடா பலருடைய வாயிலும் குடலிலும் சும்மா இருக்கிறதுதானாம். கீமோ உடம்பின் காவலைக் குறைக்க, அன்ரிபயோட்டிக் அதற்குப் போட்டியான பக்ரீரியாக்களைக் கொல்ல, மருந்தேற்ற நெஞ்சில் வைத்த குழாய் நேரே இரத்தத்துக்குள் வழிவிட, அது வால்வில் போய்க் குந்திவிடும். அஸ்பெர்ஜில்லஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. அது இரத்தக் கல்ச்சரில் வளர்வதே அருமை. இந்த நோய் வந்தவர்களில் பாதிப்பேரளவில் தப்புவதில்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. மாமா எழும்பிப் போய்விட்டார்.

அம்போடெரிசின் ஏறும்போது மாமி கட்டிலோடு சேர்ந்து நடுங்குவா. ரெண்டு போர்வை காணாது. சிறுநீரகத்தையும் கெடுக்கிற மருந்து, அதனால் அடிக்கடி இரத்தம் எடுத்தார்கள். மருந்து மட்டும் அந்தக் கட்டிக்குள் சரியாக இறங்காது, வால்வை மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். பிளேட்லெட் ஏறும்வரை பதினொரு நாள் காத்திருந்தோம்.

இப்போது ஒன்றரை வருடம். திரும்பி வரலாம் என்பதால் ஃபுளுகொனசோல் குளிசை தினமும் தொடருகிறது. அந்த மூன்று நாளைப் பற்றி மாமி ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

நேற்றிரவு 100.2. "வெயிலுக்க நிண்டனான், அதுதான்" என்றா. நான் ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டு அவவின்ரை கிளினிக் கொப்பியைத் தேடினேன்.