மிகேல் பிழைத்திருந்தால்

1500ஆம் ஆண்டு ஜூலை மாதம் கிரனாடாவில் ஒரு குழந்தை இறந்தது. பெயர் மிகேல். இரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் மூன்று நாடுகளின் பேரவைகள், அடுத்த அரசன் இவனே என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தன. 1498இல் அரகோன், 1499 ஜனவரியில் காஸ்டீல், அதே ஆண்டு மார்ச்சில் போர்ச்சுகல். ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதி ஒரு தொட்டிலில் கிடந்தது.

ஐரோப்பிய அரச குடும்பங்களின் வம்சாவளிப் படங்களை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது என் நெடுநாள் வழக்கம். அவற்றில் பல பெயர்கள் கோட்டின் நுனியோடு முடிந்துபோகும். கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். மிகேலின் பெயரை மட்டும் என்னால் அப்படித் தாண்ட முடிந்ததில்லை. இவன் வளர்ந்து ஆளாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்திவிடுகிறது.

முதலில், அவன் அந்த இடத்துக்கு எப்படி வந்தான் என்பதே அடுக்கடுக்கான சாவுகளின் கதை. காஸ்டீல் அரசி இசபெல்லாவும் அரகோன் அரசர் ஃபெர்டினாண்டும் 1469இல் மணந்துகொண்டவர்கள். அவர்களுடைய மூத்த மகளின் பெயரும் இசபெல்லா. அவளைப் போர்ச்சுகல் இளவரசன் அஃபோன்ஸுவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். திருமணமாகி ஓராண்டு முடியுமுன்னே, 1491 ஜூலையில், தேழோ நதிக்கரையில் குதிரையிலிருந்து விழுந்து அவன் இறந்தான். அவன் தந்தைக்கு முறைப்படி பிறந்த மகன் வேறு யாரும் இல்லாததால், 1495இல் அரியணை உறவினரான மனுவேலுக்குப் போயிற்று. கைம்பெண்ணாகத் தாய்வீடு திரும்பிய இசபெல்லா மறுமணத்தை விரும்பவில்லை. பெற்றோர் விடவில்லை, 1497இல் அவளை மனுவேலுக்கே மணமுடித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவள் தம்பி ஹுவான், காஸ்டீலுக்கும் அரகோனுக்கும் ஒரே ஆண் வாரிசு, பத்தொன்பது வயதில் சலமாங்காவில் இறந்தான். கருவுற்றிருந்த அவன் மனைவிக்குக் குழந்தை இறந்தே பிறந்தது.

உரிமை இப்போது இசபெல்லாவுக்கு வந்தது. டொலேடோவில் காஸ்டீல் அவளை வாரிசாக ஏற்றது. சரகோசாவில் கூடிய அரகோன் பேரவை, பெண் ஆளலாமா என்று தயங்கியது. பேச்சு நீண்டுகொண்டிருக்கையில், 1498 ஆகஸ்டில், அங்கேயே அவள் ஒரு மகனைப் பெற்றாள். பெற்ற சிறிது நேரத்தில் இறந்தாள். வயது இருபத்தேழு. மகன் பிறந்ததால் பேரவையின் தயக்கம் தீர்ந்தது. அவன்தான் மிகேல்.

அவன் வாழ்ந்த அந்த இரண்டு ஆண்டுக்கும் குறைவான காலம் சாதாரணமானதல்ல. அவன் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, அவன் தந்தை அனுப்பிய வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்திருந்தார். அவன் பிறந்த அதே மாதத்தில், தாய்வழிப் பாட்டி அனுப்பிய கொலம்பஸ் தென் அமெரிக்கப் பெருநிலத்தைக் கண்டார். அவன் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு போர்ச்சுகீசியக் கடலோடி கப்ராலின் கப்பல்கள் பிரேசில் கரையில் நின்றன. 1494இல் டோர்டெசிலாஸ் என்ற ஊரில் கையெழுத்தான உடன்படிக்கை, வெர்தே முனைத் தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் ஒரு கோடு கிழித்து, கடலுக்கு அப்பாலுள்ள நிலங்களைக் காஸ்டீலுக்கும் போர்ச்சுகலுக்கும் பங்கு பிரித்திருந்தது. மிகேல் உயிரோடிருந்தால் அந்தக் கோட்டின் இரு பக்கமும் ஒரே அரசனுக்குச் சொந்தம்.

ஆனால் அவன் இறந்தான். உரிமை அவன் சித்தி ஹுவானாவுக்கும், அவள் வழியாக, அவன் இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு கென்ட் நகரில் பிறந்திருந்த அவள் மகன் சார்லஸுக்கும் போனது. சார்லஸ் தந்தை வழியில் ஹாப்ஸ்பர்க் வம்சத்தவன். நெதர்லாந்துப் பகுதிகளின் வாரிசு. 1517இல் ஸ்பெயினுக்கு வந்தபோது அவனுக்குக் காஸ்டீலிய மொழி தெரியாது. 1519இல் புனித ரோமப் பேரரசனாகத் தேர்வாக ஏறத்தாழ 8,50,000 ஃப்ளோரின் செலவானது. அதில் பாதிக்கு மேல் ஃபுக்கர் என்ற வங்கிக் குடும்பம் கொடுத்த கடன். எங்கோ ஜெர்மன் நாட்டில் வாங்கப்பட்ட முடிக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று காஸ்டீல் நகரங்கள் 1520இல் கிளர்ந்தெழுந்தன. மறு ஆண்டே நசுக்கப்பட்டன. சார்லஸின் மகன் இரண்டாம் ஃபிலிப் காலத்தில் நெதர்லாந்து கிளர்ந்தது. 1568இல் தொடங்கிய அந்தப் போர் 1648 வரை நீண்டு, அமெரிக்க வெள்ளியை விழுங்கியது.

மிகேல் ஆண்டிருந்தால் ஸ்பெயினுக்கு நெதர்லாந்தோடு இந்தக் கட்டு இருந்திருக்காது. சார்லஸ் அப்போதும் பெரிய அரசன்தான்; நெதர்லாந்தும் ஆஸ்திரியாவும் அவனுக்கு உண்டு. ஆனால் அவனுடைய போர்களுக்குக் காஸ்டீல் பணம் கட்டியிருக்காது. இதில் என்னைத் திகைக்க வைப்பது வேறொன்று. மிகேலோடு கைநழுவிய அதே ஐபீரிய ஒன்றிணைவு 1580இல் நடக்கத்தான் செய்தது. போர்ச்சுகலின் இளம் அரசர் செபாஸ்தியாவ் 1578இல் மொராக்கோவில் வாரிசின்றிப் போரில் மடிய, மனுவேலின் மகள்வழிப் பேரன் என்ற உரிமையில் ஃபிலிப் போர்ச்சுகலின் முடியை எடுத்துக்கொண்டான். 1499இல் சத்தியம் செய்யப்பட்டு, சுமையில்லாமல் வந்திருக்க வேண்டிய இணைப்பு, எண்பது ஆண்டு கழித்து டச்சுப் போரையும் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஸ்பெயினின் எதிரிகள் போர்ச்சுகலுக்கும் எதிரிகள் ஆனார்கள்.

அதன் விளைவு நம் கரை வரை வந்தது. லிஸ்பன் துறைமுகத்தில் இடையூறு கண்ட டச்சு வணிகர்கள் மிளகைத் தேடித் தாங்களே ஆசியாவுக்குக் கப்பல் விட்டார்கள். 1602இல் கம்பெனி அமைத்தார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைப் போர்ச்சுகீசியர் வீழ்த்தியது ஒரு ஹாப்ஸ்பர்க் மன்னரின் பெயரால்தான். 1640இல் போர்ச்சுகல் ஸ்பெயினிலிருந்து பிரிந்த பின்னும் டச்சுக்காரர்கள் நிறுத்தவில்லை. 1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்குப் போயின. ஈழத்தில் நாம் ஒல்லாந்தர் காலம் என்று சொல்லும் அந்த நூற்றாண்டுக்கும், கிரனாடாவில் இறந்த குழந்தைக்கும் நடுவே ஓடும் நூல் மெல்லியதுதான்; ஆனால் அறுபடாதது.

இந்த இடத்தில் கற்பனைக்குக் கடிவாளம் வேண்டும். ஒரு சாவை நீக்கினால் எல்லாத் தீமையும் நீங்கிவிடும் என்று எழுதுவது வரலாற்றுக்கும் அநீதி, மாண்டவர்களுக்கும் அநீதி. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி தன் மனைவி கேதரினை விலக்க முடியாமல் போப்பிடம் சிக்கியதற்குக் காரணம், அவள் அக்கா மகன் சார்லஸின் படை 1527இல் ரோமைச் சூறையாடி, போப்பைத் தன் பிடியில் வைத்திருந்தது என்பார்கள். மிகேல் இருந்திருந்தால்? அவனும் கேதரினுக்கு அக்கா மகன்தான். நேப்பிள்ஸ் அவன் கையில் இருந்திருக்கும். போப் அவனுக்கும் பயந்திருக்கக் கூடும். போர்ச்சுகீசியர் காஸ்டீலிய ஆட்சியை எளிதில் பொறுத்துக்கொண்டிருப்பார்களா என்பதும் ஐயமே. மிகேலை ஏற்றபோதே, நாட்டின் பதவிகள் போர்ச்சுகீசியருக்கே என்ற உறுதிமொழியை மனுவேலிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

மிகேலின் உயிர் தொட்டிருக்கவே முடியாத ஒன்றும் உண்டு. அவன் பெற்றோரின் திருமணத்துக்குக் காஸ்டீல் வைத்த நிபந்தனை, போர்ச்சுகலிலிருந்து யூதர்களை வெளியேற்ற வேண்டும் என்பது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களில் பலர் அங்கேதான் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். 1496 டிசம்பரில் மனுவேல் ஆணையிட்டார். மறு ஆண்டு குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெரியவர்களையும் வெளியேற விடாமல் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். மூன்று முடிகளின் வாரிசு பிறக்கவே இத்தனை குழந்தைகள் பறிக்கப்பட்டார்கள். மிகேல் நூறாண்டு வாழ்ந்திருந்தாலும் அது அழிந்திருக்காது.

ஹுவானாவையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவள் வாரிசு ஆகாமல் இருந்திருந்தால் நெதர்லாந்தில் ஓர் ஆர்ச்டியூக்கின் மனைவியாக, பிறகு விதவையாக, வாழ்ந்து முடிந்திருப்பாள். அரசியாக ஆனதால் அவள் கையெழுத்துக்கு விலை வந்தது. கையெழுத்து இருக்கும்வரை அவள் ஆபத்தானவள் ஆனாள். பைத்தியம் என்ற பெயரில் 1509 முதல் தந்தையும், அவருக்குப் பின் மகனும், அவளைப் பூட்டி வைத்தார்கள். 1555இல் இறக்கும்வரை நாற்பத்தாறு ஆண்டு. பூட்டிய ஊர் டோர்டெசிலாஸ், உலகைப் பங்கு போட்ட அதே ஊர். கிரனாடாவின் அரச தேவாலயத்தில் இன்று ஐந்து ஈயப் பெட்டிகள் ஒரே நிலவறையில் இருக்கின்றன: இசபெல்லா, ஃபெர்டினாண்ட், ஹுவானா, அவள் கணவன், கூடவே மிகேல்.

வரலாற்றில் 'இப்படி நடந்திருந்தால்' என்று கேட்பது வெறும் பொழுதுபோக்கு என்று ஈ. எச். கார் போன்ற வரலாற்றாசிரியர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அலெக்சாந்தர் மேற்கே திரும்பியிருந்தால் ரோம் தாங்கியிருக்குமா என்று லிவி ஈராயிரம் ஆண்டு முன்பே கேட்டுவிட்டார். 1931இல் வந்த ஒரு தொகுப்பில், ஆஸ்திரியாவின் தோன் ஹுவான் ஸ்காட்லாந்து அரசி மேரியை மணந்திருந்தால் என்ற கட்டுரையைச் செஸ்டர்டன் எழுதினார். இத்தனை பேர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியில் ஏதோ தேவை இருக்கத்தான் வேண்டும்.

என் அளவில் அந்தத் தேவை இதுதான். நடந்ததை மட்டும் படிக்கும்போது எல்லாமே ஒரே கல்லில் செதுக்கியது போலத் தெரிகிறது. குழந்தையின் சாவு, யூதர் வெளியேற்றம், ஹுவானாவின் சிறை, டச்சுப் போர் எல்லாம் 'இதனால் இது' என்ற ஒரே சங்கிலியில் கோத்து நிற்கின்றன. ஒரு கண்ணியைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரிகிறது: இவற்றில் சில தற்செயல், சில தீர்மானம். ஹுவானின் சாவும் மிகேலின் சாவும் யாரும் கேட்டு வந்தவை அல்ல. மனுவேலின் ஆணையும், ஹுவானாவின் பூட்டும், காஸ்டீல் மீது விழுந்த வரியும் மனிதர்கள் உட்கார்ந்து பேசி, கையெழுத்திட்டுச் செய்தவை. அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், கையெழுத்திட்டவர்களும் தப்பித்துவிடுவார்கள். வேறு மாதிரி ஆகியிருக்கலாம் என்று ஒரு முறை நினைத்துப் பார்த்தவரால் அவர்களைத் தப்ப விட முடியாது. மிகேலின் சாவுக்கு யாரும் பொறுப்பல்ல. 1496இன் ஆணைக்கு மனுவேல் பொறுப்பு. அதை நிபந்தனையாக வைத்தவர்களும் பொறுப்பு.