கைத்திருகலா, கால்மிதியா?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எலெக்ட்ரிக் சைக்கிளை பிரெஞ்சுக்காரர்கள் 'வெலோ ஆ அசிஸ்தான்ஸ் எலெக்த்ரிக்' என்பார்கள்: மின்சார உதவி உள்ள சைக்கிள். உதவி மட்டும்தான், மிதிப்பது நாம். அங்கே மிதித்தால்தான் மோட்டார் தள்ள வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் ஆக்சிலேட்டரும் சேர்த்தே தருகிறார்கள்.

போன வருடம் மகன் வாங்கிக் கொடுத்த வண்டியில் இரண்டும் உண்டு. முதல் மாதம் கையைத் திருகியே அரியாங்குப்பம் பாலம் ஏறினேன். சுகம்தான். ஆனால் முழங்காலுக்காக மிதிக்கச் சொன்ன டாக்டருக்கு என்ன பதில் சொல்வது?

ஒருநாள் காலை, சுவிட்சை அணைக்காமல் வண்டியை கேட்டுக்கு வெளியே தள்ளினேன். கைப்பிடி திருகிக்கொண்டது. வண்டி பாய்ந்து, என்னையும் இழுத்துப் போய் எதிர்ச்சுவரில் மோதியது. "வித்துடுங்க" என்றாள் மனைவி. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

இப்போது மிதித்துத்தான் போகிறேன். இதிலும் ஒரு குறை. பெடல் அரைச் சுற்று சுற்றிய பிறகே மோட்டார் விழிக்கிறது. காலை நிறுத்தினாலும் ஒரு கணம் தள்ளுகிறது, பிரேக்கைத் தொட்டால் அடங்கும். சிக்னலில் நின்று கிளம்பும்போது அந்த அரைச் சுற்றுதான் என் வலது முழங்காலுக்குச் சோதனை. அங்கே மட்டும் கொஞ்சம் திருகுவேன். (டாக்டரிடம் சொல்லவில்லை.) வண்டி உருண்டதும் விட்டுவிடுவேன்.

தள்ளும்போது சாவி சட்டைப் பையில். மனைவி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.