மலையடிவாரத்தில் பதினைந்து ஆடுகள்

அரக்கோணத்தைத் தாண்டியதும் ரயில் பெட்டிக்குள் பேச்சு மாறத் தொடங்கியது. எதிரே இருந்த பாட்டி பேரனைத் தமிழில் அதட்டினார், மருமகளிடம் தெலுங்கில் தண்ணீர் கேட்டார், பூக்காரியிடம் இரண்டையும் கலந்து பேரம் பேசினார். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்குத் திருத்தணி ஏறக்குறைய வேறு நாடு. 1960 வரை அது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. முன்நின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகே தமிழகத்தோடு சேர்ந்தது. பேருந்து நிலையத்தில் இன்றும் நகரி, புத்தூர், திருப்பதி என்று கூவித்தான் ஆள் ஏற்றுகிறார்கள்.

மலைக்கு 365 படி. விடியும் முன்பே ஏறிவிட்டேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள், தோளில் காவடி, மூச்சு வாங்க வாங்க ‘அரோகரா’. மேலிருந்து வடக்கே பார்த்தால் நீலமாக மலைத்தொடர், அதற்கப்பால் ஆந்திரா. சூரனை வென்ற முருகன் சினம் ஆறி அமர்ந்த இடம் இது என்பது ஐதீகம். அதனால் கந்த சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே சுவாமிக்குப் பூச்சொரிகிறார்கள். போர் முடிந்த பின் என்ன செய்வது என்பதற்கும் ஒரு கோயில் இருக்கிறதே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

கீழே இறங்கி, தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் நடந்தபோதுதான் அந்தத் திண்ணையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் குகேஷ் படம், பக்கத்தில் கோனேரு ஹம்பி படம். சதுரங்க வகுப்பு என்று புரிந்தது. ஆனால் தரையில் சதுரங்கப் பலகை இல்லை. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு முக்கோணம், அதன் குறுக்கே கோடுகள். ஆடு புலி ஆட்டம்.

சொல்லிக்கொடுப்பவர் ஓர் இளம் பெண். பிள்ளைகளுக்கு அவர் ‘அக்கா’. “உக்காருங்க சார், பாருங்க” என்றார். அன்று மதியம் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

3 புலி, 15 ஆடு. கூழாங்கல் புலி, புளியங்கொட்டை ஆடு. ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டை வைப்பார், பதிலுக்குப் புலி நகரும். பதினைந்தும் களத்தில் இறங்கும்வரை எந்த ஆடும் இடம் மாற முடியாது. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்துத்தான் வெட்டும், குதிக்க அந்தப் பக்கம் காலி இடம் வேண்டும். ஆகவே ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. மூன்று புலிகளையும் நகர இடமில்லாமல் அடைத்தால் வெற்றி.

சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்த விளையாட்டு. அதற்குள் இவ்வளவு இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது. வைத்ததை எடுக்க முடியாது என்பதால், சண்டை தொடங்கும் முன்பே யார் எங்கே நிற்பது என்று யோசித்தாக வேண்டும். சதுரங்கத்தில் குதிரையையும் மந்திரியையும் முதலில் வெளியே கொண்டுவா என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதைத்தான். ஆட்டுக்குப் பின்னால் ஆடு நிற்பதைப் பழகிய பிள்ளைக்கு, சிப்பாய்க்குக் குறுக்கே பின்னால் இன்னொரு சிப்பாய் ஏன் காவல் நிற்க வேண்டும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒரு பையன் புலியை நகர்த்திவிட்டு நிமிர்ந்தான். அக்கா எதிரே இருந்த சிறுமியிடம் கேட்டார்: “அவனுக்கு என்ன வேணும் பாப்பா?” அவள் சாக்பீஸ் கோடுகளை உற்றுப் பார்த்தாள். சற்றுத் தள்ளி, தெலுங்கு பேசும் வீட்டுப் பையனிடமும் அதே கேள்வி: “வாடிக்கேம் காவாலி?” அன்று அவர் வேறு எதையும் இவ்வளவு முறை சொல்லவில்லை. ‘நீ என்ன ஆடப்போறே’ என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

ஆறு வயதுப் பிள்ளைக்கு உலகம் தன் கையிலிருந்துதான் தொடங்குகிறது. எனக்கு எது பிடிக்கும், எதை வெட்டலாம், ராணியை எங்கே ஓட்டலாம். எதிரே இருப்பவனுக்கும் ஓர் ஆசை இருக்கிறது, அவன் கையும் அடுத்து நகரும் என்று உணரும் கணம்தான் உத்தியின் தொடக்கம் என்று நினைக்கிறேன். திறப்புகளின் பெயர்களை ஒப்பிப்பதெல்லாம் மெல்ல வரலாம்.

ஆடு புலி முடிந்து சதுரங்கப் பலகைகள் வந்தன. அதிலும் முதலில் சிப்பாய்கள் மட்டும். யாருடைய சிப்பாய் மறுகோடியை முதலில் தொடுகிறதோ அவருக்கு வெற்றி. அடுத்த சுற்றில் ராஜா சேர்ந்தார், அதற்கடுத்து யானை. 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்த கியூபாவின் கபாபிளாங்காவும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை முதலில் படிக்கச் சொன்னவர்தான். காய் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு காயின் பலமும் துலக்கமாகத் தெரிகிறது. ராணியையும் மந்திரியையும் வைத்து நாலே நகர்த்தலில் மேட் செய்யும் வித்தையைச் சில பிள்ளைகள் ஃபோனில் பார்த்துக் கற்றிருந்தார்கள். அக்கா அதைத் தடுப்பதற்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது மிகவும் பிடித்தது. அந்த வித்தை தெரியாதவனிடம்தான் பலிக்கும்.

திண்ணை சிறியது, ஆனால் அதன் பின்னால் நீண்ட வழி இருக்கிறது. விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் கற்றுத்தந்தவர் அம்மா சுசீலா. குடும்பம் மணிலாவில் இருந்த காலத்தில், மகன் பள்ளிக்குப் போயிருக்கும்போது தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். ஹம்பிக்குக் கற்றுத்தந்தவர் அப்பா அசோக். 2002-இல் 15 வயதில் ஹம்பி கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2013-இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு மோதியபோது, கண்ணாடி அறைக்கு வெளியே பார்வையாளராக உட்கார்ந்திருந்த ஏழு வயதுக் குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியனானார். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நீண்ட காலம் அவரைக் கணினி எஞ்சின் பக்கமே விடவில்லை. பிள்ளை தன் தலையால் யோசிக்கட்டும் என்ற அந்தப் பொறுமை இந்தத் திண்ணையிலும் இருந்தது.

தோற்ற ஒரு பையன் உதடு பிதுக்கி அழ ஆரம்பித்தான். யாரும் சமாதானம் சொல்லவில்லை. அக்கா காய்களைப் பின்னோக்கி நகர்த்தி, “இந்த இடம் வரைக்கும் நீதாண்டா நல்லா ஆடியிருக்கே. இங்க என்ன ஆச்சு?” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் விரலால் ஒரு கட்டத்தைக் காட்டினான். “யானையப் பாக்கல.” அழுகை நின்றுவிட்டது. காலையில் மலைமேல் கேட்ட, சினம் ஆறி அமர்ந்த முருகனின் கதை நினைவுக்கு வந்தது.

பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒரு தாய், “இது கத்துக்கிட்டா கணக்குல மார்க் வருமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தறியில் உழைப்பதற்கு நடுவே நேரம் ஒதுக்குகிறவர் கேட்கத்தான் செய்வார். 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் நடந்தது. வகுப்பில் சதுரங்கம் கற்ற குழந்தைகளுக்கு ஓராண்டு கழித்துப் பார்த்தபோது கணித மதிப்பெண்ணில் ஏற்றம் தெரியவில்லை. அக்காவும் பொய் வாக்குறுதி தரவில்லை. “மார்க்குக்கு நான் சொல்ல முடியாதுங்க. அவசரப்படாம உக்காந்து யோசிக்கிறா, அத நான் பாக்கறேன்” என்றார். அந்தத் தாய் கொஞ்சம் நின்று, மகளின் செருப்பைத் தேடப் போனார்.

மகளுக்குக் கிளம்ப மனமில்லை. சாக்பீஸ் முக்கோணத்தின் முன் என்னை உட்காரவைத்துப் புலிகளைக் கையில் கொடுத்தாள். பதினைந்து ஆடுகளையும் ஒவ்வொன்றாக, பின்னால் துணை இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்த பிறகே வைத்தாள். மூன்று ஆடுகளை வெட்டினேன். அதற்குப் பிறகு என் புலிகள் ஓர் ஓரமாக ஒதுங்கி, போக வழியில்லாமல் நின்றன.

“இப்போ நீங்க ஆடு, நான் புலி” என்றாள்.

“ரயிலுக்கு நேரமாச்சு பாப்பா.”

“அடுத்த ரயில் இருக்குல்ல அங்கிள்” என்று புளியங்கொட்டைகளை என் பக்கம் தள்ளினாள்.